ஆறு மணிக்கு மேல் அரை மணி நேரம்

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். காலையில் ஷூ கம்பெனி வேன் கிளம்புவதற்கு முன், வேலைக்குப் போகும் பெண்கள் ஐந்து பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஆறு வருஷமாக இதுதான் என் வேலை. ஆனால் இதை வேலை என்று நான் மட்டும்தான் சொல்லிக்கொள்கிறேன்.

"நீங்க சும்மா வூட்ல தானக்கா இருக்கீங்க" என்பார்கள். ராத்திரி கட்டிய டயப்பரோடு தூக்கி வருவார்கள். "நீங்க ஊட்னாதான் துன்றான்" என்று இட்லி டப்பாவைக் கையில் திணிப்பார்கள். ஜுரத்தில் கொதிக்கும் பிள்ளைக்கு விடியற்காலையில் மருந்து ஊற்றி, உடம்பு ஆறியதும் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போல வேன் ஏறுவார்கள். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்றால் என்னவென்று என் வாசலில் வந்து நின்று பார்க்க வேண்டும்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொன்னவர் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்திருக்காது. என் வீட்டில் என் மகள் இருந்தாள். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் ஃபெயில். பப்ளிக் பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஏழு மணிக்கு அவள் அப்பா வந்துவிட்டால் சாப்பாடு, டிவி, பேச்சு. ஆறிலிருந்து ஏழு வரைதான் அந்த ஹால் அவளுக்குச் சொந்தம். அதனால் ஆறு மணிக்கு மேல் ஒரு பிள்ளையும் இங்கே இருக்கக்கூடாது என்று எல்லோரிடமும் கறாராகச் சொல்லிவிட்டேன்.

நான்கு பேர் சொன்னபடி கேட்டார்கள். ஒருத்தி மட்டும் தினமும் ஆறே முக்காலுக்கு வந்தாள். "வேன் லேட்டுக்கா, இன்னா பண்றது" என்பாள். அவளுடைய இரண்டு வயசுப் பெண்ணோ என் மகள் நோட்டை விரித்தால் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் ஃபார்முலா எழுதிய பக்கத்தையே கிழித்துவிட்டாள். என் மகள் மிச்ச நோட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள்.

தை மாசம் ஒரு சாயங்காலம், ஆறேகால் இருக்கும். தோளில் தூங்கிப்போன அந்தக் குழந்தையோடு நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வேன் டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். "வண்டி அப்பவே வந்துட்ச்சேக்கா" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மலையிலிருந்து இறங்கிய புளி மூட்டைகளுக்கு அந்தப் பக்கம், சிமெண்ட் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் நடந்தேன்.

செருப்பைக் கழற்றி, காலைப் பை மேல் நீட்டியிருந்தாள். மடியில் ஒரு தட்டில் மிளகாய் பஜ்ஜி. கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை, போனும் கையில் இல்லை. பத்து மணி நேரம் நின்றபடியே ஷூவுக்குத் தோல் ஒட்டியவளின் கால். வீட்டுக்குப் போனால் மாமியார், அடுப்பு, துணி. நானே அப்படிக் காலை நீட்டி உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் பார்ப்பதற்குள் திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கும் அவள் "வேன் லேட்டுக்கா" என்றாள். "பரவால்லம்மா" என்றேன்.

சாப்பாடு போடும்போது இதை மகளிடம் சொன்னேன். என் பெரிய மனசைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமை. அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"அவங்க பாவந்தாம்மா. ஆனா நீ குடுத்தது உன்னோட நேரம் இல்ல. என்னோடது."

ஊரில் எல்லோரையும் எல்லை தாண்டுகிறார்கள் என்று திட்டுகிறவள் நான். என் மகளுடையதை அவளைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் ஆறு மணிக்கு வீட்டை மகளிடம் விட்டுவிட்டுக் குழந்தையோடு பெஞ்சுக்கே போனேன். என்னைப் பார்த்ததும் அவள் திடுக்கிட்டுத் தட்டைப் பைக்குப் பின்னால் தள்ளினாள்.

"எழுந்திரிக்காத. நீ துன்னு, அரை மணி நேரம் இவள நானே இங்க வச்சிக்கிறேன். வூட்ல என் பொண்ணு படிக்கணும், அதான்" என்றேன்.

நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். அவளால் தின்ன முடியவில்லை. "பொய் சொல்லிட்டேன்க்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள், குழந்தையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். பஜ்ஜி பெஞ்சிலேயே கிடந்தது.

அடுத்த நாளிலிருந்து எல்லோருக்கும் முன்னால் வருகிறவள் அவள்தான். என் மகள் ஹாலில் நோட்டுகளை விரித்துப்போட்டு நிம்மதியாகக் கணக்குப் போடுகிறாள். நான் கேட்டதெல்லாம் இதுதான். ஆனாலும் மனசு கேட்காமல் நேற்று, "கொஞ்ச நேரம் உக்காந்து டீ குடிச்சிட்டுப் போம்மா" என்றேன்.

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இல்லக்கா, வர்றேன். உங்க பொண்ணு படிக்கணும்" என்றாள்.