ஹர்த்தாலுக்குக் காத்திருந்த கார்

அக்காவுக்கு லைசன்ஸ் கிடைத்து நான்கு மாதமாகியும் கார் திருவனந்தபுரத்தில் எங்கள் ஸ்ரீவராகம் குளத்தைத் தாண்டவில்லை. காலையில் தெருவில் பால்காரர் மட்டும் நடமாடும் நேரத்தில் குளத்தைச் சுற்றி ஒரு வட்டம், தைரியம் வந்த நாட்களில் இரண்டு. பிறகு வண்டி சுவரை ஒட்டித் தன் இடத்துக்கு வந்துவிடும். அதன் மேல் ஒரு சாம்பல் நிற உறை. உறையின் மேல் எதிர் வீட்டுப் பூனை.

அது அக்காவின் கணவர், அத்திம்பேரின் கார். கண்ணின் ஓரப் பார்வை குறைந்துவருகிறது, இனி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் அவரிடம் சொன்ன மறுவாரமே அக்கா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அறுபது வயதைத் தாண்டியிருந்தாள். மைதானத்தில் நட்ட கம்பிகளுக்கு நடுவே வண்டியை முன்னும் பின்னும் செலுத்தி ‘எச்’ போட்டுக் காட்டும் பரீட்சையில் இரண்டாம் தடவை தேறினாள். அன்று தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தாள். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. மைதானத்தில் பின்னால் நின்று ஹாரன் அடிக்க ஆள் இல்லை. ரோட்டில் இருக்கிறார்கள். ஏற்றத்தில் வண்டி அணைந்து, மறுபடி கிளப்புவதற்குள் பின்னால் உருண்டு, அங்கே நிற்கும் பஸ்ஸின் மேல் மோதுவதாக அவள் தினமும் ஒரு முறையாவது நினைத்துக்கொண்டாள்.

நெய்யாற்றின்கரையில் இருக்கும் மாப்பிள்ளை ஒருநாள் போன் செய்தார். அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் காரை வாங்கிக்கொள்ளத் தயார், சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து பார்ப்பார், நிற்கிற வண்டி கெட்டுப்போகும் என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அதற்குள் தானே நெய்யாற்றின்கரைக்கு ஓட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். வந்தால் விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை சிரித்தார். அது நல்ல மனதோடு சிரித்த சிரிப்புதான். ஆனால் அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது.

போனை வைத்ததும் என்னைக் கூப்பிட்டாள். நான் அடுத்த தெருவில் இருக்கிறேன். பத்திரிகையில் செய்தி மேசையில் இருந்து ஓய்வு பெற்றவள். தேர்தல் நாளில் எந்த நிருபர் எந்த வழியாக எங்கே போக வேண்டும் என்று திட்டம் போட்டவள் என்பதால், இருபது கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு பயணத்துக்குத் திட்டம் போடுவது எனக்குப் பெரிய வேலையாக இருக்காது என்பது அவள் கணக்கு.

“முப்பது வருஷமா எடது பக்கம் உக்காந்து, அவர் நிறுத்தற கோவிலை மட்டும்தான் பாத்திருக்கேன். வண்டி போயிடுத்துன்னா அதுவும் இல்லை. பின்னே ஆட்டோக்காரன் கிட்ட கேட்டுண்டு நிக்கணும். நீ ஒரு வழி சொல்லுடி” என்றாள்.

இரண்டு வழிகள் இருந்தன. திருவல்லம் போய் பைபாஸில் ஏறினால் விழிஞ்ஞத்தின் அருகாக அகலமான ரோடு. ஏற்றம் தெரியாது, சந்திப்புகள் குறைவு. நான் இதைத்தான் முதலில் சொன்னேன். ஆனால் அங்கே துறைமுக வேலைக்கான லாரிகள் ஓடுகின்றன. அக்கா ஒரு முறை ஆட்டோவில் போனபோது அவற்றைப் பார்த்திருக்கிறாள்.

“அதுக்குப் பக்கத்துல நம்ம வண்டி, சக்கரத்துக்கு அடியில வெக்கற எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும்” என்றாள். பைபாஸ் அத்துடன் முடிந்தது.

மற்றது எல்லோரும் போகும் பழைய ரோடு. கரமனை, பாப்பனம்கோடு, நேமம், பள்ளிச்சல், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை. நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முறை போய்த் திரும்பினேன். பாலராமபுரம் சந்திப்பில் நாலு ரோட்டு வண்டிகளும் ஒன்றின் மூக்கை ஒன்று முகர்ந்தபடி நிற்பதையும், நெய்யாற்றின்கரை டவுனுக்குள் நுழையும்போது ஒரு ஏற்றம் இருப்பதையும், அந்த ஏற்றத்தில் எங்கள் பஸ்ஸே இரண்டு முறை நின்று கிளம்பியதையும் வந்து சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அத்திம்பேர் தன் பங்குக்கு ரோடு அகலமாவதற்கு முன்னால் எங்கெங்கே குழிகள் இருந்தன என்பதை நினைவுகூர்ந்தார். அவை இப்போது இல்லை என்று சொன்னால் வருத்தப்பட்டார்.

இரண்டு நாள் இப்படியே போனது. கிளம்பும் நேரம் காலை ஆறு என்றும், இல்லை, ஐந்து என்றும், ஐந்து மணிக்கு மீன் வண்டிகள் வேகமாக வரும் என்றும் பேச்சு நடந்தது. உறை கழற்றப்படவில்லை. நான் மனதுக்குள் அந்த நண்பருக்கு வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது, வெள்ளிக்கிழமை ஹர்த்தால். போன வாரமே அறிவித்திருந்தார்கள், நாங்கள் பேச்சு வேகத்தில் அதை யோசிக்கவில்லை. இந்த ஊரில் ஹர்த்தால் என்றால் கடை கிடையாது, பஸ் கிடையாது, ரோடு முழுக்கக் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கும் வண்டி பழகுகிறவர்களுக்கும் சொந்தம். திருவனந்தபுரத்தில் பாதிப் பேர் நாலாவது கியரை முதல்முதலாகப் போட்டது ஏதாவது ஒரு ஹர்த்தால் நாளில்தான். இப்போது ஹர்த்தாலே அரிதாகிவிட்டது. வண்டி வாங்குகிறவர் வருவதற்குச் சரியாக முந்தின நாள் ஒன்று வாய்த்ததைப் பகவான் கொடுத்தது என்றாள் அக்கா. யூனியன்காரன் கொடுத்தது என்று அத்திம்பேர் திருத்தினார்.

ஒரே சிக்கல், போராட்டம் நடத்தும் சமரக்காரர்கள் சந்திப்புகளில் வண்டியை மறிப்பார்கள். அவர்கள் புட்டும் கடலையும் சாப்பிட்டு முடித்து ரோட்டுக்கு வருவதற்குள் பாலராமபுரத்தைத் தாண்டிவிடலாம் என்பது அத்திம்பேரின் மதிப்பீடு. ஆனாலும் பாதுகாப்புக்கு ஏதாவது வேண்டும். ஹர்த்தாலில் பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. பத்திரிகை என்று எழுதி ஒட்டிவிடலாம், அதுதான் நீ இருக்கிறாயே என்றார் அத்திம்பேர். நான் ஓய்வு பெற்றுவிட்டதால் அது பொய் என்றேன். ஆஸ்பத்திரி என்று எழுத அக்கா சம்மதிக்கவில்லை, வாயால் சொல்வதே அபசகுனம் என்றாள். எனவே கல்யாணம். ‘விவாகம்’ என்று மலையாளத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்த தாளை முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் ஒட்டினோம். பத்திரிகை பொய்யென்றால் இது என்ன என்று அத்திம்பேர் என்னைக் கேட்டார். வெள்ளிக்கிழமை முகூர்த்த நாளா என்று பஞ்சாங்கத்தில் சரிபார்த்தேன், முகூர்த்த நாள்தான் என்றேன். என்னால் முடிந்த நேர்மை அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில், மேலே, ‘இன்று ஹர்த்தால்’. அச்சில் பார்த்த பிறகு நான் வேறெதையும் பார்ப்பதில்லை. கடைசிப் பதிப்பு மிஷினுக்குப் போன பிறகுதான் உலகத்தில் முக்கியமானவை நடக்கும் என்று இளையவர்களுக்கு வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

உறையைக் கழற்றினோம். பூனை இறங்கிப் போனது. அக்கா ஓட்ட, அத்திம்பேர் அவளுக்குப் பக்கத்தில், நான் பின்னால். குளத்தைத் தாண்டினோம். அட்டக்குளங்கரையில் ரோடு காலியாக இருந்தது. கிள்ளிப்பாலத்தில் அக்கா மூன்றாவது கியருக்கு வந்தாள். கரமனைப் பாலத்தில் எதிரே ஒரு பஸ் வந்தது. ஸ்டாஃப் பஸ்ஸாக இருக்கும் என்றார் அத்திம்பேர்.

பாப்பனம்கோட்டில் பஸ் டிப்போவின் வாசலிலிருந்து பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. நான் போனைத் திறந்தேன். இரவுப் பேச்சுவார்த்தையில் உடன்பாடு. ஹர்த்தால் வாபஸ். போனை முன் இருக்கைப் பக்கம் நீட்டினேன். அத்திம்பேர் கண்ணுக்கு நேரே வைத்துப் படித்துவிட்டு, திருப்பிக் கொடுத்து, நேராக உட்கார்ந்தார். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று எங்களுக்குள் முடிவாகிவிட்டது. சொன்னால் ஸ்டியரிங்கை விட்டுவிடுவாள் என்று இரண்டு பேருமே நம்பினோம்.

“பஸ்ஸெல்லாம் போறதே” என்றாள் அக்கா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஷெட்டுக்குப் போறது” என்றார் அத்திம்பேர்.

“ஷெட்டு பின்னால அல்லே இருக்கு?”

“இது வேற ஷெட்டு.”

நேமத்தில் கடைகளின் ஷட்டர்கள் ஏறும் சத்தம் கேட்டது. அத்திம்பேர் ரேடியோவைப் போட்டு, செய்தி நேரம் என்று ஞாபகம் வந்து, உடனே அணைத்தார். பள்ளிச்சலில் ஸ்கூல் பிள்ளைகளோடு ஒரு ஆட்டோ எங்களைத் தாண்டியது. அத்திம்பேர் தன் பக்கத்து ஜன்னலை ஏற்றிவிட்டார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கவில்லை. பக்கத்தில் வந்து, கண்ணாடியில் ஒட்டிய தாளைப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, சிரித்துவிட்டு வழி விட்டார்கள். பைக்கில் வந்த ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பாலராமபுரம் சந்திப்பு நான் பஸ்ஸில் பார்த்ததைவிட மோசமாக இருந்தது. நாலு பக்கமும் வண்டி. அக்கா காரை நிறுத்தினாள். டிராஃபிக் போலீஸ்காரர் தாளைப் பார்த்து நடந்து வந்து, குனிந்து, கல்யாணம் எங்கே என்று கேட்டார். நெய்யாற்றின்கரை என்றார் அத்திம்பேர். போலீஸ்காரர் உள்ளே பார்த்தார். மூன்று வயதானவர்கள், பட்டுப்புடவை கிடையாது, ஒரு முழம் பூ கிடையாது.

“பெண்ணு எவிடெ?” என்று கல்யாணப் பெண்ணைத் தேடினார்.

“பெண்ணல்லே சாரே ஓட்டுன்னது” என்று, ஓட்டுகிறவளே கல்யாணப் பெண் என்பதுபோல், அத்திம்பேர் அக்காவைக் காட்டினார்.

அவர் அக்காவைப் பார்த்தார். நரைத்த தலை, மூக்கில் வைரம், ஸ்டியரிங்கை அழுத்திப் பிடித்த இரண்டு கைகள். சிரித்தபடி சந்திப்பின் நடுவுக்குப் போய், எதிரே வந்த லாரியையும் பஸ்ஸையும் கை காட்டி நிறுத்திவிட்டு, எங்களைப் போகச் சொன்னார். அக்கா முதல் கியரிலேயே முழுச் சந்திப்பையும் கடந்தாள்.

கடந்ததும் இண்டிகேட்டர் போட்டு, கைத்தறிக் கடை ஒன்றின் முன்னால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். இதற்கு மேல் பஸ்களுக்கு நடுவே, அந்த ஏற்றம் இருக்கிறது. அவள் இங்கேயே முடித்துக்கொள்கிறாள், நாளை நாலு மணிக்கு வண்டி போய்விடும் என்று நினைத்தேன். அத்திம்பேரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஹர்த்தால் வாபஸ் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையைக் கூப்பிடலாம், வந்து ஓட்டிக்கொண்டு போகட்டும், இதுவரை வந்ததே பெரிது என்று மெதுவாகச் சொன்னார்.

“கரமனைலயே தெரியும் எனக்கு” என்றாள் அக்கா. “பாலம் எறங்கினதும் பூக்கடை தெறந்திருந்தது. ஹர்த்தாலுக்கு எவளாவது பூ கட்டி வெப்பாளா?”

“பின்னே ஏன் சொல்லலை?” என்றேன்.

“நீங்க ரெண்டு பேரும் பயந்துடுவேள்னுதான்.”

அவள் இறங்கி, பின் கண்ணாடித் தாளை உரித்துவிட்டு முன்பக்கம் போனாள். கண்ணாடியில் ஒட்டிய தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, கிழியாமல் உரித்து, நாலாக மடித்து அத்திம்பேரிடம் கொடுத்தாள். “போதும். இனிமே சாதாரண மனுஷாளாப் போலாம்” என்றாள்.

தாளை எடுத்ததும் மரியாதையும் போய்விட்டது. பத்து அடிக்கு ஒருவர் ஹாரன் அடித்தார். டவுனுக்குள் நுழையும் ஏற்றத்தில் முன்னால் போன வேன் நின்றது. நாங்களும் நின்றோம். வேன் கிளம்ப, அக்கா கிளட்சை விட, கார் ஒரு குலுக்கலோடு அணைந்தது. சற்றே பின்னால் நகர்ந்து நின்றது. பின்னால் பஸ். அந்த டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுப்பதாக இல்லை. அத்திம்பேர் ஹேண்ட் பிரேக்கின் பக்கம் கையைக் கொண்டுபோனார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“அடிச்சுக்கட்டும். அவனுக்கும் வேலை வேண்டாமா” என்றாள்.

ஹேண்ட் பிரேக்கை அவளே போட்டாள், சாவியைத் திருப்பினாள், எஞ்சின் உறும, பிரேக்கை விடுவித்தாள். கார் ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் ஏறியது. மேலே போனதும் அவள் சத்தமாகச் சிரித்தாள். அத்திம்பேரும் சிரித்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சிரிப்பின் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

மகள் வீட்டில் நாங்கள் வருவது யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை ஆபீஸுக்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கேட் சத்தம் கேட்டு வெளியே வந்து, முதலில் ஓட்டுகிற இருக்கையைப் பார்த்தார். பிறகு காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கீறல் தேடுகிறார் என்பது தெரிந்தது. கிடைக்கவில்லை. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு, எந்த வழியாக வந்தாய் என்று கேட்டாள். எல்லாரும் வர்ற வழிதான் என்றாள் அக்கா.

காபி வந்தது. அவள் அதைக் குடித்து முடிக்கும் வரை வேறு பேச்சு பேசினாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள்.

“மாப்பிள்ளை, அந்தச் சிநேகிதர் கிட்ட சொல்லிடுங்கோ. நாளைக்கு நாலு மணிக்கு வண்டி ஆத்துல இருக்காது.”

அவர் இந்த முறையும் சிரித்தார். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், நண்பரிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசத் தொடங்கினார். நாளைக்கு எங்கே போகிறாய் என்று மகள் கேட்டாள். அத்திம்பேர் என்னைப் பார்த்தார். பழக்கத்தில் நானும் வழிகளை யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

“போறச்சே பாத்துக்கலாம்” என்றாள் அக்கா.