மவுஸ் பிடித்த தலைவர்

எங்கள் ஊர்க் கோயிலின் பரிபாலன சபையில் பதினொரு ஆண்கள் இருக்கிறார்கள். பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரு மடிக்கணினி. அதைத் திறந்து மூடுவதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. என்னைக் கூப்பிட்டது அதனால்தான், மரியாதையால் அல்ல.

நான் மருதனார்மடத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் வேலை செய்கிறேன். கூட்டத்தில் பேசுவதை உடனுக்குடன் எண்ண வரைபடமாகச் சுவரில் காட்டுவது என் தொழில். நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து கிளைகள், கிளைகளுக்குக் கீழே கிளைகள். இதை மவுசால் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கிளை போடுவதற்கு மெனுவைத் தேடி, அம்பை ஊரெல்லாம் அலையவிட்டு, அதற்குள் பேசியவர் தேத்தண்ணி குடித்து முடித்துவிடுவார். என்டரைத் தட்டினால் பக்கத்தில் இன்னொரு கிளை. டேப்பைத் தட்டினால் கீழே ஒரு கிளை. ஷிஃப்டோடு டேப்பைத் தட்டினால், கீழே கிடந்த கிளை ஒரு படி வெளியே வரும். இவ்வளவையும் பழக அரைநாள் காணும். என்னோடு வேலை செய்கிறவர்கள் மூன்று வருடமாகப் பழகவில்லை. "உனக்கென்ன, கை ஓடுது" என்பார்கள். என் கை ஒன்றும் அதிசயக் கை அல்ல, அவர்களுக்குப் பஞ்சி, வெறும் சோம்பல்.

திருவிழாவுக்கு முந்திய மாதம், ஒரு ஞாயிறு காலை, கோயில் மடத்தில் கூட்டம். நடுவில் மகோற்சவம் என்று எழுதி, ஒவ்வொரு நாள் திருவிழாவையும் ஏற்றுச் செய்கிற உபயகாரர் வீட்டுக்கு ஒரு கிளையாகப் போட்டேன். ஒவ்வொரு கிளைக்குக் கீழும் மேளம், அலங்காரம், அன்னதானம். அவர்கள் வாய் மூடுமுன் சுவரில் வந்துவிடும். அதற்கும் ஒருவர், "கொஞ்சம் ஆறுதலாப் போடும் பிள்ளை" என்றார்.

அந்தக் கிளைகளில் ஒன்று அப்பாவுடையது. ஐந்தாம் திருவிழா எங்கள் வீட்டு உபயம். அப்பா போன வருடம் தவறிவிட்டார். எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு என்று, ஆறாம் திருவிழாக்காரரான சித்தப்பா அந்த ஒருமுறை இரண்டையும் பார்த்தார். அவருக்கு மட்டும் துடக்கு எப்படிக் கழிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த வருடம் நான் செய்ய வேண்டும். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. உண்மையில் அதைக் கேட்கத்தான் அந்தக் கதிரையில் போய் இருந்தேன்.

தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. தேர்த் திருவிழா தன் வீட்டு உபயம் என்பதை நடையிலேயே காட்டுகிற மனிதர்.

"பிள்ளை, ஐஞ்சாம் திருவிழாவைச் சித்தப்பாவின்ரை பேருக்குக் கீழை போடும். போன வருசம் போலை அவரே பாக்கட்டும்."

"இந்த முறை நான் செய்யிறன் ஐயா. அளவெட்டி மேளத்துக்கும் சொல்லியாச்சு."

"செய்யும், ஆர் வேண்டாமெண்டது? அவரின்ரை பேருக்குக் கீழை நிண்டு செய்யும். பொம்பிளையள் தனிய உபயம் செய்யிற வழக்கம் இஞ்சை இல்லைத்தானே."

சித்தப்பா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவேயில்லை.

நான் விசையைத் தட்டினேன். அப்பாவின் பெயர் அவருடைய தம்பியின் பெயருக்குக் கீழே போய்ச் சின்ன எழுத்தில் தொங்கியது. வெறும் படம்தானே என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

"நீர் செய்யிறது ஒண்டும் பிடிபடேல்லை. அம்பு அசையாமலே எல்லாம் மாறுது. படமும் ஒரு பக்கமாப் போட்டுது. விடும், நான் நடுவுக்கு இழுக்கிறன்" என்று தலைவர் மவுசைப் பிடித்தார். கரப்பானை அமத்துவதுபோல அமத்தினார். வெறும் இடத்தைப் பிடித்து இழுத்தால் முழுப் படமும் நகரும். அவர் பிடித்தது தன்னுடைய தேர்க் கிளையை. இழுத்துக்கொண்டுபோய் என் அப்பாவின் பெயருக்கு மேலே விட்டார். அது அங்கேயே ஒட்டிக்கொண்டது. சித்தப்பா, அவருக்குக் கீழே அப்பா, அப்பாவுக்கும் கீழே தலைவர். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்.

"உதென்ன? நான் ஏன் உவையின்ரை பேருக்குக் கீழை நிக்கிறன்?"

"நீங்கள்தான் ஐயா இழுத்தனீங்கள்."

"வெளியிலை எடும்."

நான் கைகளைக் கீபோட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன். "கீழை நிண்டும் செய்யலாம்தானே ஐயா."

"விசர்க்கதை கதையாதையும். தேர் எங்கடை அப்பு காலத்திலையிருந்து எங்கடை. ஒருதற்றை பேருக்குக் கீழையும் நாங்கள் செய்யேல்லை."

"ஐஞ்சாம் திருவிழாவும் அப்பிடித்தான்."

தலைவர் தானே சரிசெய்யப் பார்த்து இன்னொரு தரம் இழுத்தார். கொடியேற்றமும் வந்து தேருக்குக் கீழே ஒட்டியது. அப்போதுதான் சித்தப்பா மின்விசிறியை விட்டுக் கீழே பார்த்தார்.

"பிள்ளையின்ரை கிளையையும் வெளியிலை விடுங்கோ. அண்ணையின்ரை பேர் எனக்குக் கீழை நிக்கக் கூடாது."

இதைச் சொல்ல அவருக்குத் தேர் கீழே விழ வேண்டியிருந்தது.

"சரி, சரி. எல்லாத்தையும் வெளியிலை எடும்" என்றார் தலைவர்.

எடுத்தேன். கொடியேற்றம், தேர், அப்பா, ஒவ்வொன்றும் தன் தன் இடத்துக்கு வந்தது. பிறகு அப்பாவின் பெயரைத் திருத்தத் திறந்து, அதற்குப் பக்கத்தில் மகள் என்று போட்டு, என் பெயரையும் எழுதினேன். சித்தப்பா அதை வாசித்துவிட்டு மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார். தலைவர் மவுசை இறுக்கிப் பிடித்தபடி சுவரில் அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்பு அசையவில்லை.

"முடிஞ்சுதோ?"

"ஓம் ஐயா. ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ."

"எல்லாம் சரி. அச்சுக்குக் குடும்."

திருவிழா நோட்டீஸ் அச்சாகி வந்த அன்று தலைவர் வீதியில் என்னை மறித்தார். ஐந்தாம் திருவிழாவுக்கு நேரே ஒரு பெண்ணின் பெயர். எந்தக் காலத்திலும் அந்தக் கோயில் நோட்டீசில் அப்படி வந்ததில்லை.

"உதை எப்ப போட்டனீர்? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்கு முன்னாலைதான் போட்டனான் ஐயா. நீங்கள் அம்பைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."