மாடி வீட்டில் கொதித்த எலும்புச் சாறு

எலும்பு கொதிக்கிற வாசம் எங்கேயாவது வந்தால் எனக்கு இன்றைக்கும் பசிக்காது, பயம்தான் வரும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைச் சாத்த வேண்டும் போலிருக்கும். நல்ல சாப்பாட்டு வாசத்துக்குப் பயப்படுகிற பெண்பிள்ளை உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று என் கணவர் கேலி செய்வார். அவருக்கென்ன, அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் பாதி நேரம் அவர் வீட்டிலேயே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கணபதி என்கிற பகுதியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம். தோட்டம் துரவு உள்ளவர்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பசு கட்டியிருக்கும். நாங்கள் காலையில் வாங்குகிற பால் அதனுடையதுதான். ஆடு, கோழியெல்லாம் அவர்களும் சாப்பிடுவார்கள். மாடு கும்பிடுவதற்கு மட்டும். வீடு பார்க்கப் போன அன்றே வீட்டுக்காரர் என் கணவரிடம், "வேதக்காரங்களா? மத்ததெல்லாம் சமைக்க மாட்டீங்கல்லங்க?" என்று கேட்டார். 'மத்ததெல்லாம்' என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "ச்சேச்சே, ஆடு கோழி மட்டுந்தானுங்க" என்று இவர் கூசாமல் சொல்லிவிட்டார்.

அப்படிச் சொல்லாமல் வேறு என்ன செய்வது? அதற்கு முன்னால் துடியலூரில் இருந்த வீட்டை ஒரே ஒரு எலும்பால் இழந்திருந்தோம். நாய் ஒன்று எங்கள் குப்பையைக் கிளறி, பெரிய எலும்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டுபோய், அந்த வீட்டுக்காரரின் வாசல் கோலத்தின் மேல் படுத்துக் கடித்துக்கொண்டிருந்தது. அன்று மாலையே சாமான்களை டெம்போவில் ஏற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு என் நாத்தனார் வீட்டு மூலையில் மாதக்கணக்கில் சுருண்டு கிடந்தோம். 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கும். எங்கள் கிறிஸ்தவப் பெயரையும் எந்தக் கோயிலுக்குப் போகிறோம் என்பதையும் கேட்டவுடன் அந்த வீடு முன்தினம்தான் முடிந்துபோயிருக்கும். கணபதி வீடு கிடைத்தபோது நான் அழுதேவிட்டேன். இதையும் விட்டால் எங்கே போவது என்ற பயம் அன்றைக்கே என்னோடு குடிவந்துவிட்டது.

அதனால் எங்களுக்கென்று ஒரு சமையல் முறை இருந்தது. இவர் உக்கடம் கறிக்கடையில் எலும்பில்லாத கறியாகப் பார்த்து வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, பையின் அடியில் போட்டு, மேலே கீரைக்கட்டை வைத்துக் கொண்டுவருவார். நான் அதைக் குக்கரில் ஏற்றிய கையோடு பக்கத்து அடுப்பில் கருவாடு வறுப்பேன். கருவாட்டு வாசத்துக்கு முன்னால் வேறெந்த வாசமும் நிற்காது. வீட்டுக்காரரின் மனைவி, கீழ்வீட்டு அக்கா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னிக்கும் கருவாடா கண்ணு?" என்று சிரிப்பார். விசில் அடங்கியதும் சாம்பிராணி போடுவேன். ஆக்கித் தின்பதற்குப் பதிலாக ஏதோ திருடித் தின்பது போலத்தான் இருக்கும்.

என் கணவர் அப்போது ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். ஆலைக்குப் புது மெஷின் வந்தது; அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய ஆள் ஒரு மெக்சிகோக்காரர். ஆலையின் விருந்தினர் விடுதியில் சைவச் சமையல். "சாம்பாரத் தின்னு தின்னு மனுசன் பாதியாப் போயிட்டாரு புள்ள" என்று இவர் தினமும் வந்து உருகுவார். ஒரு விடுமுறை நாளில் ஊட்டிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் மார்க்கெட்டில் சௌசௌ குவித்து வைத்திருந்ததைப் பார்த்ததும் அந்த மனிதர் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு காயை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாராம். அது அவர்கள் ஊர்க் காயாம். மாட்டெலும்புச் சாற்றில் சௌசௌ, மக்காச்சோளம், முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் பெரிய பெரிய துண்டாகப் போட்டு அவருடைய அம்மா வைப்பாராம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டதாம். யாராவது கண் கலங்கினால் போதும், என் கணவர் தன் தலையையே அடகு வைப்பார். அங்கேயே நின்றபடி அவரை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.

செய்முறையையும் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். முழங்கால் எலும்போடு கறி வேண்டும். குக்கர் ஆகவே ஆகாது. சின்னத் தீயில் அரை நாள் கொதிக்க வேண்டும். பாத்திரத்தை முழுசாக மூடக்கூடாது, மூடினால் சாறு கலங்கிவிடுமாம். மசாலா எதுவும் கிடையாது. உப்பு, பூண்டு, வெங்காயம், மல்லித்தழை, கடைசியில் எலுமிச்சம்பழம். எங்களைக் காட்டிக் கொடுப்பதற்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்த சமையலாக இருந்தது அது.

"ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சா? ஊட்ட விட்டுத் தொரத்துனா எங்க போறது?" என்றேன்.

"ஊட்டுக்காரரு ஞாயித்துக்கெழம தோட்டத்துக்குப் போனா பொழுதோடதான் வருவாரு புள்ள. ஆட்டுக்கால் சூப்புன்னு சொல்லிப்போடு. எலும்ப நான் டிபன் பையில வெச்சு மில்லுக்குக் கொண்டுபோயிர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வண்டி தெருமுனை திரும்பியதும் அடுப்பைப் பற்ற வைத்தேன். முதல் கொதியில் மேலே வந்த நுரையை எடுத்துப்போட்டுவிட்டுத் தீயைக் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாசம் எழுந்தது. காரமும் மசாலாவும் அரைத்துப் போட்டால் எல்லாக் கறியும் ஏறக்குறைய ஒன்றுதான். வெறும் உப்பும் பூண்டும் போட்ட சாறு தன் பெயரைத் தானே சொல்லிவிடும். கருவாடு வறுத்தேன், தீர்ந்துபோனது. சாம்பிராணி போட்டேன், வாசம் அதோடு சேர்ந்து இன்னும் தூரம் போனது. ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டியது, திறந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. கீழே பசு ஒருமுறை கத்தியதற்குக்கூடக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

"என்னங் கண்ணு, வாசம் தெருவையே தூக்குது?" என்று அக்கா கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"ஆட்டுக்கால் சூப்புங்க அக்கா. சாப்பிட ஒரம்பரை வாராங்க."

"ஆகட்டும், ஆகட்டும்" என்றார். குரலில் சந்தேகம் இல்லை.

கீழ்வீட்டில் அப்போது அவர்களுடைய மகளும் இருந்தாள். முதல் கர்ப்பம் தங்காமல் போய், இரண்டாவதாக உண்டாகி நாலாம் மாதம். பச்சைத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், அவளைப் பார்க்கவே பாவமாக இருக்கும். அக்கா கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தார். இந்த முறையும் தங்காமல் போனால் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்களோ என்று என்னிடமே பலமுறை வெசனப்பட்டிருக்கிறார்.

மத்தியானம் என் கணவர் விருந்தாளியைக் கூட்டிவரக் கிளம்பிப்போனார். நான் காய்களைச் சாற்றில் போட்டேன். அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்துவிட்டது. விட்டால் இனி எப்போது வருமோ தெரியாது. தீயை இன்னும் குறைத்து, கதவுக்குக் கொண்டி மட்டும் போட்டுவிட்டுக் குடங்களோடு ஓடினேன். பூட்டியிருக்கலாம். ஒரே காம்பவுண்டுக்குள் இருந்துகொண்டு பூட்டினால், யாரைத் திருடர் என்று நினைக்கிறாய் என்று கேட்பார்களே.

கடைசிக் குடத்தை இறக்கி வைத்து நிமிர்ந்தபோது அக்கா வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு தூக்குப்போசி. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் எங்களிடம் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

"புள்ள சூப்பு வேணுங்குது கண்ணு. இத்தன நாள்ல வாயத் தொறந்து ஒண்ணு வேணும்னு கேட்டதே இதுதான். கொஞ்சம் ஊத்திக் குடு."

கர்ப்பிணி ஆசைப்பட்டுக் கேட்டதை எங்கள் பக்கம் யாரும் மறுக்க மாட்டார்கள். பகையாளி வீட்டில்கூடக் கொடுத்தனுப்புவார்கள். நான் எப்படி மறுப்பது? ஆனால் பசுவைக் கும்பிடுகிற வீட்டுப் பெண்ணுக்கு, அவளுக்கே தெரியாமல் இதை எப்படி ஊற்றுவது? சட்டென்று ஒரு வழி தோன்றியது. அந்த நிமிடம் அதைக் கர்த்தரே காட்டினார் என்றுகூட நினைத்தேன்.

"ஐயோ, கறி வேகலைன்னு பப்பாளிக்காய் நறுக்கிப் போட்டுட்டேங்க அக்கா. மாசமா இருக்கறவங்களுக்கு ஆகாதுங்களே."

முற்றின கறிக்குப் பப்பாளிக்காய் போடுவது எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம். கர்ப்பிணி பப்பாளியின் பக்கமே போகக்கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அக்கா "அப்படியா" என்று திரும்பிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவர் கையிலிருந்து போசி விழுந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ தண்ணிக்குப் போயிருந்தப்பவே ஒரு டம்ளர் மோந்துட்டுப் போயிக் குடுத்துப்போட்டனே! வாந்தி எடுக்காம உள்ள நின்னுச்சேன்னு இன்னங் கொஞ்சம் கேக்க வந்தேன். சாமி, நானே என்ற கையால கெடுத்துப்போட்டனே!"

முட்டைக்கோஸும் சோளமும் மேலே மூடியிருந்ததால் எலும்பு அவர் கண்ணில் பட்டிருக்காது. மேலாக மொண்டுகொண்டு போயிருக்கிறார். அதற்குள் அவர் படியில் இறங்க ஆரம்பித்துவிட்டார். உப்புத் தண்ணீர் குடிக்க வைத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டும், ஆட்டோ கூப்பிட வேண்டும் என்று புலம்பிக்கொண்டே போனார். அந்தப் பெண் இருந்த இருப்புக்கு இன்னொரு வாந்தியைத் தாங்குவாளா?

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"பப்பாளி போடலீங்க அக்கா. பொய் சொன்னேன்."

"போடலையா? சத்தியமா?"

"சத்தியமாங்க. அது ஆட்டுக்கறி இல்லீங்க, அதனாலதான் அப்படிச் சொன்னேன். மாட்டுக்கறிங்க."

"அப்ப வயித்துக்கு ஒண்ணும் ஆகாதல்ல?"

"ஒண்ணும் ஆகாதுங்க."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்து, "முருகா" என்று மார்பில் கைவைத்தார். அழுதார், சிரிக்கவும் செய்தார். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் சொன்ன மற்ற வார்த்தை அவருக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. முகம் மெல்ல மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிடித்திருந்த என் கையைக் குனிந்து பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

அவ்வளவுதான், வீடு போய்விட்டது என்று நினைத்தேன். நாத்தனார் வீட்டு மூலை கண்முன்னால் வந்தது.

கீழேயிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். "அம்மா, சூப்பு வாங்கிட்டியா?"

அக்கா எழுந்தார். போசியை எடுத்து முந்தானையால் துடைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"கறி வேண்டாம். சாறு மட்டும் ஊத்து."

"அக்கா, அவங்களுக்குத் தெரியாமயே குடுக்கறதுங்களா..."

"தெரிஞ்சா இத்தன நாளைக்கு அப்பறம் நின்னது நிக்குமா? நீ ஊத்து."

ஊற்றினேன். கறித்துண்டு எதுவும் விழாமல் கரண்டியால் தடுத்துக்கொண்டேன். அவர் அதை வாங்கிக்கொண்டு நாலைந்து படி இறங்கி, திரும்பாமலே சொன்னார்: "புள்ள பொறக்கற வரைக்கும் இருந்துக்கங்க. அப்பறம் வேற ஊடு பாத்துக்கங்க. அவருகிட்ட நான் வேற ஏதாச்சும் சொல்லிக்கறேன்."

மெக்சிகோக்காரர் வந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் வாயில் இன்னும் கொஞ்ச நேரம் கொதித்திருக்கலாம் என்று சைகை காட்டினார். என் கணவர் பெருமையோடு சிரித்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, கீழே வாந்தி எடுக்கும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

அந்தப் பெண் அதற்குப் பிறகு மெல்லத் தேறினாள். தயிர்ச்சோறு இறங்கியது, களியும் இறங்கியது. வயிறு தெரிய ஆரம்பித்தது. நான் துணி காயப்போடும்போது கீழேயிருந்து அண்ணாந்து, "அக்கா, அந்த சூப்பு மறுக்கா எப்பங்க வெப்பீங்க?" என்று கேட்பாள். பக்கத்தில் அவளுடைய அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இருப்பார். வீட்டுக்காரர் திண்டில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "வெக்கலாம் கண்ணு" என்பேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில் முழங்காலில் நின்று, அந்தப் பெண்ணுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று ஜெபித்தேன். மனசாரத்தான் ஜெபித்தேன். பிறகு, கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு, கொஞ்சம் தாமதமாகப் பிறக்கட்டும் என்றும் ஜெபித்தேன்.