எள் பொறுக்க வந்த குருவி

தை அமாவாசையன்று மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு அந்தக் குருவி எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. காக்கை சோறெடுத்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு என்பதால் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பசி அப்படி.

மேல்பட்டாம்பாக்கத்து வீட்டில் அந்த வருடம் சுவரின் மேல் இரண்டு இலைகள். ஒன்று செத்துப்போன தாத்தாவுக்கு. இன்னொன்று சித்தப்பாவுக்கு. அவர் போர்வெல் வண்டியோடு வடக்கே இமயமலைப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார். தீபாவளிக்குப் பிறகு போன் இல்லை. அங்கே மலை சரிந்து ஆட்கள் புதைந்ததாக யாரோ சொன்னதும், "கீறானா இல்லியான்னு காக்கா சொல்லிடும்" என்று இரண்டாவது இலையைப் போடவைத்தவள் அத்தை. காக்கை எடுத்தால் அவர் இல்லை. எடுக்காவிட்டால் இருக்கிறார். உயிரோடு இருக்கலாம் என்கிற ஒருவருக்கு எள்ளுச் சோறு வைக்கலாமா என்று அம்மா முணுமுணுத்தாள். உரக்கச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

சித்தி மாடிப்படியில் தாலியை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

காக்கைகள் வந்தன. தாத்தாவின் இலையைக் குதறித் தின்றன. சித்தப்பாவின் இலைப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"பாத்தீங்களா அண்ணி? அவுரு இருக்காரு," என்றாள் சித்தி. பல வாரங்களுக்குப் பிறகு அவள் பல்லைப் பார்த்தேன்.

அப்போதுதான் காக்கைகள் எல்லாம் ஒரே வீச்சில் எழுந்து போயின. தெருவில் நாய் குரைப்பதுகூட நின்றுபோனது போலிருந்தது. அந்த அமைதிக்குள் அது வந்தது. சிட்டுக்குருவி அளவுதான். ஆனால் தலையும் மார்பும் குங்குமத்தில் தோய்த்தெடுத்த மாதிரிச் சிவப்பு. நேராகச் சித்தப்பாவின் இலைக்குப் போனது. சோற்றைத் தொடவில்லை. அதில் கலந்திருந்த எள்ளை மட்டும், அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக அலகில் வைத்து நசுக்கித் தின்றது. எங்களைப் பார்த்தது. பயப்படவில்லை.

"எவனோ பெயிண்ட் டப்பாவுல முக்கி வுட்ட குருவி சார் இது," என்று பக்கத்து மாடியிலிருந்து ஒரு மாமா சிரித்தார்.

அப்பா பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். பேய் பிசாசு பேச்செல்லாம் அவருக்கு ஆகாது. பறவைப் புத்தகத்தை எடுத்து வந்து, வகுப்பில் நிற்பது போல நின்றுகொண்டார். சாயமாக இருந்தால் இறகின் அடி வரை ஒரே நிறமாக இருக்கும். இதற்கு இறக்கை பழுப்பு, இடுப்பில் மறுபடி சிவப்பு. அலகு கூம்பு மாதிரித் தடிமன், விதை உடைப்பதற்கானது. வால் நுனியில் பிளவு. ஊர்க்குருவி போலத் தத்தித் தாவாமல் நிமிர்ந்து உட்கார்ந்தே தின்கிறது. ஒன்று ஒன்றாக ஒத்துப்பார்த்து, கடைசியில் கணக்கு முடித்த திருப்தியோடு சொன்னார்:

"ரோஸ்ஃபிஞ்ச். ஆண். மலைக்காட்டுக் குருவி. குளிருக்குக் கீழ எறங்கி வரும். நம்ம பக்கம் வர்றது அபூர்வம். அவ்ளோதான், இதுல பயப்பட ஒண்ணுமில்ல."

"எந்த மல?" என்றாள் அத்தை.

அப்பா வாயைத் திறந்தார். புத்தகத்தைப் பார்த்தார். "இமயமலை," என்றார்.

சித்தியின் கை தாலியிலிருந்து தானாக நழுவியது. குருவி இன்னும் தின்றுகொண்டிருந்தது.

அன்று யாரும் அவளை எதுவும் செய்யச் சொல்லவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் நான் காப்பி கேட்டு அடுப்படிக்குப் போனபோது, மேடையில் ஒரு டம்ளர் பால் இருந்தது. அதற்குள்ளிருந்து மஞ்சள் கயிறு வெளியே தொங்கியது. ஈ விழுந்த பாலைப் போல அதைக் கொட்டிவிடலாமா என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

இத்தனை வருடம் கழித்து இப்போது என் மகனைப் பள்ளியில் ஏற்காட்டு மலைக்குச் சுற்றுலா அழைத்துப்போகிறார்கள். எல்லாப் பெற்றோரும் சம்மதித்துவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. கேட்டால் குளிர், சளி என்று ஏதோ சொல்கிறேன்.

அந்தத் தை அமாவாசைக்கு மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில், பண்ருட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி, தாடியும் கட்டுப் போட்ட கையுமாகச் சித்தப்பா வாசலில் வந்து நின்றார். அத்தை அலறிக்கொண்டு ஓடினாள். ஆனால் கட்டிப்பிடிக்கவில்லை. குனிந்து, கால் தரையில் பதிகிறதா என்று அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். சத்தம் கேட்டு வெளியே வந்த சித்தி அவரைப் பார்த்தாள். கையால் கழுத்தை மூடிக்கொண்டாள். திரும்பி ஓடி அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

எங்களில் பெரியவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கோபம் என்றுதான் நான் நினைத்தேன். இத்தனை நாள் பேசாதவரிடம் கோபப்படாமல் என்ன செய்வாள்? சித்தப்பாவும் அப்படியே நினைத்தார். அந்தக் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சிரித்தார்.

"ரோடும் இல்ல, லைனும் இல்ல, நான் இன்னா பண்ணுவேன்? கோவம் ஆறுற வரைக்கும் இங்கியே குந்திக்கினு இருக்கேன்னு உங்க சித்திகிட்ட சொல்லு கண்ணு."