எட்டாவது அடுக்கில் ஒரு சிட்டிகை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மூன்று வருடத்துக்கு முன்னால், ராணுவத்தில் சேரப்போகிறேன் என்று வந்து நின்ற மகனிடம், "போனா அப்படியே போயிரு, இந்த வாசல மிதிக்காத" என்று கத்தினேன். சொன்னபடியே அவன் மிதிக்கவில்லை. அவன் அம்மா இருந்திருந்தால் நடுவில் புகுந்து இரண்டு பேருக்கும் நாலு திட்டு விட்டிருப்பாள். அவள் அதற்கு முந்தைய வருடமே போய்ச் சேர்ந்துவிட்டாள். ராசா என்ற ஊரில் இருக்கும் வீட்டில் இப்போது நானும் டிவியும்தான். அது பேசும், நான் கேட்பேன்.

கூத்து என்னவென்றால், அவன் போன பிறகு நான் வேலைக்குச் சேர்ந்த இடமே ராணுவத் தலைக்கவசம் செய்யும் தொழிற்சாலை. செண்டாயானில், ஒரு காலத்தில் நான் ரப்பர் மரம் சீவிய தோட்டத்துப் பக்கம். ஏன் அங்கே போய்ச் சேர்ந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க யார் இருக்கிறார்கள்?

என் வேலை அடுக்குவது. பிசின் ஏற்றிய மஞ்சள் துணி வரும். சாதாரணக் கத்தரிக்கு அடங்காத முரட்டுத் துணி. அதைப் பூவிதழ் மாதிரி வெட்டித் தருவார்கள். ஒன்றின் வெட்டு இன்னொன்றின் வெட்டு மேல் விழாதபடி திருப்பித் திருப்பி அச்சுக்குள் அடுக்க வேண்டும். பிறகு சூடான அழுத்த இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே ஓடாக்கிவிடும். அந்த அறைக்குள் பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. முதல் நாளே சூப்பர்வைசர் என் நெற்றியைப் பார்த்து, "அண்ணே, திருநீற கழுவிட்டு வாங்க லா" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன், சாமி உன் துணிய தின்னுடுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கழுவினேன்.

போன மாதம் தேநீர் நேரத்தில் அதே சூப்பர்வைசர், அடுத்த நாற்பது கவசமும் கடல் தாண்டி சபா மாநில எல்லைக்குப் போகிறது என்றான். என் மகன் சபாவில்தான் இருக்கிறான். அதுவும் என் தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் காலை கோயிலுக்குப் போய், திருநீற்றை மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். பக்கத்து ஆள் திரும்பிய நேரம் கையுறையைக் கழற்றி, எட்டாவது அடுக்கில் ஒரு சிட்டிகை போட்டேன். எம் சைஸ் கவசம், அதுதான் அவனுக்குச் சரியாக இருக்கும் என்று. நாற்பதில் அது அவனுக்கே போய்ச் சேரும் என்று என்ன நிச்சயம்? சாமி பார்த்து அனுப்பும் என்று நம்பினேன். அன்றைக்கு லோபாக் கடைத்தெருவில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நான்கு நாள் கழித்து, தரம் பார்க்கும் எஞ்சினியர் எங்களை எல்லாம் கூப்பிட்டாள். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், என் மகன் வயசுதான் இருக்கும். மேசையில் அறுத்த கவச ஓடு ஒன்று கிடந்தது, வேறு யாரோ அடுக்கியது. கத்தி நுனியை வைத்து நெம்பினாள். வாழைமட்டை மாதிரி அடுக்கு பிரிந்து வந்தது.

"கையுறைத் தூசிதான், கொஞ்சூண்டு. அங்க பிசின் பிடிக்கல. குண்டு பட்டா இந்த இடம் வாயத் தொறந்துரும். தட்டிப் பார்த்தாலும் எல்லா நேரமும் சத்தத்துல தெரியாது."

என் நாற்பதும் சாயம் பூசிப் பெட்டிக்குள் இருந்தன. மறுநாள் லாரி வரும். வாயை மூடிக்கொண்டால் வேலை இருக்கும். ஆனால் நான் வைத்தது அவன் தலைக்குப் போனால்? அவன் தலைக்கு இல்லையென்றால் வேறு ஒருத்தன் பெற்ற பிள்ளை தலைக்கு. எல்லோரும் கலைந்த பிறகு அவள் முன்னால் போய் நின்று, திருநீறு, மகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"எந்த ஹெல்மெட் அங்கிள்?"

"தெரியலம்மா. பெயிண்ட் அடிச்சிட்டாங்க. எம் சைஸ்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. எம் சைஸ்னா பதினெட்டு அறுத்தா போதும். இல்லன்னா நாப்பதும் போகணும். மகன் எம்தானே போடுவாரு?"

எம் அச்சில் வைத்தது நிச்சயம். ஆனால் அவன் சைஸ்? நானாக நினைத்துக்கொண்டதுதானே. "வச்சது எம் சைஸ்தாம்மா. அவன் சைஸ் எனக்குத் தெரியாது" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

பதினெட்டையும் என் கண் முன்னாலேயே அறுத்தார்கள். பதினொன்றாவதில் சாம்பல் தீற்றல் இருந்தது. கத்தி வைத்ததுமே பிரிந்துவிட்டது. என்னை அடுக்கும் அறையிலிருந்து எடுத்து, கவசத்துக்கு வார் தைக்கும் பகுதியில் போட்டிருக்கிறார்கள். மேல் நடவடிக்கைக்குக் கடிதம் வரும் என்றார்கள்.

அன்று சாயங்காலம் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று, தங்கச்சியிடம் நம்பர் வாங்கி மகனுக்கு போன் அடித்தேன். மணி வெகுநேரம் போனது.

"ஹலோ, யாரு?"

"அப்பா பேசறேன்டா."

என்னென்னவோ சொல்ல நினைத்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "ஒன் தலை என்ன சைஸ்டா?" என்று கேட்டேன்.

"எல் சைஸ்ப்பா" என்றான். "சின்னதுலேருந்தே எனக்குப் பெரிய தலைதானே. மறந்துட்டீங்களா?"

"மறப்பனாடா" என்று பொய் சொல்லிவிட்டு, மோட்டாரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.