ஓட்டில்லாத தேர்தல்

முள்ளுக்காட்டைத் திருத்தி ஓசூரில் லேத் பட்டறை போட்டவன் நான். கரண்டுக்கு நாயாய் அலைந்து கம்பம் நட வைத்தவனும் நான். படித்தது மூன்றாவதுதான்.

என் வாட்ச்மேன் ஒரு இடத்தில் நிற்க மாட்டார். தமிழ்ப் பேப்பரையும் கன்னடப் பேப்பரையும் மாற்றி மாற்றிப் படித்தபடி வாசலில் நடப்பார். ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது ஆளுக்கொரு வேட்பாளரை ஜெயிக்க வைத்தன அந்தப் பேப்பர்கள். “ரெண்டுல எது புளுகுது?” என்று லாரிக்காரர்களை மடக்குவார். லோடு அப்படியே கிடக்கும்.

“யோவ், அதுல நமக்கு ஓட்டே இல்லியேய்யா! இனி பேசுனா வேலை இல்லை” என்றேன்.

“ஓட்டுதானுங்க இல்ல மொதலாளி, வாயுமா இல்ல?” என்று சாவிக்கொத்தை நீட்டினார்.

வாங்க எனக்குக் கை வரவில்லை. அந்தப் பதில் இன்னும் குடைகிறது. டீக்கடையில் அவர் சொன்னதை மட்டும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தப் பதிலைச் சொல்ல வைத்தவன் நானல்லவா? அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.