பேச்சியம்மாளின் மனுவும் நாற்பது வட்டங்களும்

சென்ற ஞாயிறு காலை, தாராவியில் ஒரு மாடி அறையில், என் முன்னால் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று, வேட்புமனு. மற்றொன்று, அந்த மனுவைத் தள்ளுபடி செய்யக் கோரும் ஆட்சேபம்.

முடிவு சொல்ல வேண்டியவன் நான்.

உனக்கேன் இந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீடு மாட்டுங்காவில், ஆபீஸ் செம்பூரில் — தோல் பை தைக்கும் தொழிலாளர்களின் சங்கத்துக்கும் எனக்கும் என்ன உறவு? ஞாயிறுதோறும் அங்கே போய்ப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பேன், அவ்வளவுதான். ‘எந்தப் பக்கமும் சேராதவர்’ என்று சொல்லி என்னைத் தேர்தல் அதிகாரியாக்கிவிட்டார்கள். எந்தப் பக்கமும் சேராமலிருப்பது எவ்வளவு கடினம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மனு பேச்சியம்மாளுடையது. கார்கானாவில், அதாவது பை தைக்கும் பட்டறையில், பதினான்கு ஆண்டுகளாகக் கைப்பிடி தைப்பவர். செயலாளர் பதவிக்கு நிற்கும் முதல் பெண். எதற்காக நிற்கிறார் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

“பொம்பளையளுக்குத் தனி கக்கூசு வேணும் சார். எத்தன வருசமா கேக்கோம். முடிவெடுக்க எடத்துல ஒரு பொம்பள இருந்தாத்தான் நடக்கும்.”

ஆட்சேபம் தேவராஜுடையது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் செயலாளர். நான்கு முறையும் போட்டியின்றித் தேர்வானவர். எல்லோருக்கும் அவர் ‘அண்ணாச்சி’.

சங்க விதி சொல்வது இது: போட்டியிடுபவர், மனுச் செய்யும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் இடையறாது பணியில் இருந்திருக்க வேண்டும். பேச்சியம்மாளோ ஆண்டுதோறும் மே மாதம் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் போகிறார். போனால் நாற்பது நாள். ஆகவே பணி அறுந்துவிட்டது. ஆகவே மனு செல்லாது. தேவராஜின் வாதம் இவ்வளவுதான்.

அத்தாட்சியாகச் சென்ற ஆண்டின் வருகைப் பதிவேட்டையே கொண்டுவந்திருந்தார். பேச்சியம்மாளின் எண்ணுக்கு நேரே, வந்ததற்கு அடையாளமான கோடுகளுக்குப் பதிலாக, நாற்பது சின்னச் சின்ன வட்டங்கள்.

வட்டம் என்றால் பத்லி. ஊருக்குப் போகிறவர் தமக்குப் பதிலாக ஓர் ஆளைக் கூட்டிவந்து, சூப்பர்வைசர் முன்னிலையில் தம் கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்து, தம் இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவார். ஆள் மாறும், எண் மாறாது. போனவர் திரும்பியதும் பத்லி எழுந்துகொள்வார். பம்பாயில் ஆலைகள் ஓடிய காலத்திலிருந்தே நடக்கிற ஏற்பாடு இது.

“எடம் காலியாவா கெடந்துச்சு?” என்றார் பேச்சியம்மாள். “என் நம்பர்ல ரஞ்சிதம் உக்காந்தா. என் கத்திரிய வச்சுத்தான் வெட்டுனா.”

“உக்காந்தது ரஞ்சிதம்லா? அப்ப அவள எலெக்சன்ல நிக்கச் சொல்லு,” என்றார் தேவராஜ்.

கதவருகே நின்றிருந்த ரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐய, எனக்கெதுக்கு அண்ணாச்சி? அவ வந்து நின்னா, நான் எந்திரிச்சிட்டேன். எந்திரின்னுகூட அவ சொல்லல. அவ எடம், அவ வந்துட்டா.”

“ரூல்ஸ்ல அதெல்லாம் கெடையாது.”

“கக்கூசு கேட்டப்பமும் இதத்தான் சொன்னிய,” என்றார் பேச்சியம்மாள்.

அறை முழுக்கச் சிரித்தது. தேவராஜ் சிரிக்கவில்லை.

ஒப்புக்கொள்கிறேன் — என் மனத்தில் அப்போதே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. முதன்முறையாக ஒரு போட்டி வந்திருக்கிறது. தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் மனிதர் விதிப்புத்தகத்தின் பின்னால் ஒளிகிறார். வேறென்ன இருக்க முடியும்?

ஆனால், என் அனுமானம் ஆதாரமாகிவிடுமா? செவ்வாய் மாலைவரை அவகாசம் கேட்டு எழுந்தேன்.

அன்று முழுக்க ஒரே யோசனை. மனுவைத் தள்ளினால் என்ன ஆகும்? மூன்று ஆண்டுகள் ஊர்ப் பக்கமே போகாமலிருந்துவிட்டுத்தான் பேச்சியம்மாள் இனி நிற்க முடியும். அவர் மட்டுமா? ஊரில் வயதான பெற்றோர் உள்ளவர்கள், பிள்ளைகளை அங்கே படிக்க வைப்பவர்கள்... எவருமே நிற்க முடியாது. சரி, ஏற்றுக்கொண்டால்? தனக்குப் பிடித்தவருக்காக விதியை வளைத்தான் என்பார்கள். அடுத்த முறை இன்னோர் அதிகாரி, தமக்குப் பிடித்தவருக்காக இன்னும் கொஞ்சம் வளைப்பார். பேச்சியம்மாளுக்கு வேண்டியது என் இரக்கமல்ல. நாளை யாரும் அசைக்க முடியாத ஒரு காரணம்.

திங்கள் மாலை, ஆபீஸ் முடிந்ததும் செம்பூரிலிருந்து நேராகச் சங்க அறைக்குப் போனேன். இரும்பு அலமாரியில் பழைய தேர்தல்களின் கோப்புகள் இருந்தன. ஒவ்வொரு மனுவுடனும் மூன்று ஆண்டு வருகைப் பதிவின் நகல். ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

எங்கு பார்த்தாலும் வட்டங்கள். சங்கத்தைத் தொடங்கியவர்களின் தாள்களிலேயே வட்டங்கள். சிலருக்கு மே மாதக் கொடை, சிலருக்கு டிசம்பரில் கிறிஸ்துமஸ். ஒரு மனுகூடத் தள்ளப்படவில்லை. பத்லி வைத்துவிட்டுப் போனவரின் பணி அறுவதில்லை என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால், எல்லோரும் ஏற்றிருந்தார்கள்.

ஒரே ஒருவரின் தாள்களில் மட்டும் வட்டமே இல்லை. நான்கு தேர்தல், பன்னிரண்டு ஆண்டுகள் — கோடுகள்... கோடுகள் மட்டும்.

தேவராஜுடையவை.

செவ்வாய் மாலை எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். தேவராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப... நான் போயிருக்கலாமா சார்?”

“எங்கே அண்ணாச்சி?”

“அஞ்சு வருசம் முந்தி எந்தங்கச்சி கல்யாணம். பாளையங்கோட்டையில. போனா அடுத்த எலெக்சன்ல நிக்க முடியாதேன்னு போகல. வீடியோ கால்லதான் பாத்தேன். தாலி கட்டுத நேரம் பாத்து நெட்டு போயிருச்சு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. விதியின் பின்னால் ஒளிந்துகொள்கிறார் என்று நான் நினைத்த மனிதர், அந்த விதியை முதலில் தம் மீதே சுமத்திக்கொண்டவர். அதற்காகக் கூடப்பிறந்தவளின் கல்யாணத்தையே இழந்தவர். இன்னொருவர் அதைச் சுலபமாகக் கடந்துபோவதை அவரால் எப்படிப் பொறுத்துக்கொள்ள முடியும்? அவர் விதியைத் தவறாகப் படித்தார். ஆனால், நேர்மையாகப் படித்தார்.

பேச்சியம்மாள் அவர் பக்கம் திரும்பினார். “ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே பத்லிக்கு ஆள் பாத்துத் தந்திருப்போமே அண்ணாச்சி.”

“செக்ரட்டரி போயி உங்ககிட்ட கேக்கவா?”

“கேட்டா என்ன? தலையில கொம்பா மொளச்சிருக்கு?”

இம்முறை தேவராஜும் சிரித்தார்.

மனுவை ஏற்பதாகவும், அதற்கான காரணத்தையும் எழுதிப் படித்தேன். இந்த முடிவில் உடன்பாடில்லையென்றால் பொதுக்குழுவிடம் முறையிடலாம் என்பதையும் சொன்னேன். தேவராஜ் தாளை வாங்கி, தெரிந்துகொண்டதற்கு அடையாளமாகக் கையெழுத்திட்டார்.

“முறையீடெல்லாம் ஒண்ணும் வேண்டாம் சார். ஆனா இத ரூல் புக்லயே எழுதிப் போட்டுரணும். பொதுக்குழுவுல நானே தீர்மானம் கொண்டாரேன். என்னய மாதிரி இன்னொருத்தன் ஏமாறப்படாது.”

குடியிருப்புச் சங்கமோ கோயில் கமிட்டியோ, தேர்தல் என்று வந்துவிட்டால் நாம் முதலில் தேடுவது எதிராளியின் மனுவில் உள்ள ஓட்டையைத்தான். வந்து நிற்பவர் நம்மில் ஒருவரா என்று பார்க்கத்தானே தகுதி விதி? நம்மில் யார் மேல் என்று சொல்ல அல்லவே. அதைச் சொல்லத்தானே ஓட்டு?

படியிறங்கும்போது தேவராஜ் திரும்பிப் பார்த்தார். “மனுவுல விட்டுட்டேன் பேச்சி. ஓட்டுல விடமாட்டேன், பாத்துக்க.”

“அதுக்குத்தான நிக்கேன்!”

மறுநாள் தேவராஜின் வாக்குறுதி நோட்டீஸ் வெளிவந்தது. முதல் வரி: பெண்களுக்குத் தனிக் கழிப்பறை.

வருகிற ஞாயிறு வாக்குப்பதிவு. யார் வெல்வார் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, தேவராஜுக்கும் தெரியாது.